குணம் வீட்டுச் சரக்கு மட்டுமா?

"பள்ளிக்கூடம் பாடம் சொல்லிக் கொடுத்தால் போதும், கோபத்தை அடக்குவதும் பிறர் மனமறிந்து நடப்பதும் வீட்டு விஷயம்" என்று நம் வணிகர் பலர் கூறக் கேட்கிறோம். இதில் பாதிதான் நியாயம்.

வீட்டில் உம்மா, வாப்பா, ராத்தா, காக்கா எல்லோரும் பிள்ளையின் பிடிவாதத்தைப் பொறுத்துக்கொள்பவர்கள். சிங்கப்பூர் வகுப்பறையிலோ சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் பக்கத்தில் அமர்கிறார்கள். தோற்றால் தாங்கிக்கொள்ளவும், தவறினால் மன்னிப்புக் கேட்கவும், ஒதுங்கி நிற்பவனை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவும் பிறத்தியார் நடுவேதான் பழக முடியும்.

"இதனால் படிப்பு கெடாதா?" என்பீர்கள். முதலாளிக்கு அஞ்சும் கடைப்பையன் உடைந்த சரக்கை மறைப்பான். ஆசிரியருக்கு அஞ்சும் பிள்ளை புரியாத பாடத்தை மறைக்கும். அச்சம் தெளிந்தால் அல்லவோ கேள்வி பிறக்கும்?

மதிப்பெண் பற்றிய மிதமிஞ்சிய கவலையைக் குறைக்கவே, கல்வி அமைச்சு 2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளுக்குத் தேர்வை எடுத்துவிட்டது. தேர்ச்சிப் புத்தகத்தில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்று காட்டுவதையும் நிறுத்தியது. 2023க்குள் தொடக்கநிலை, உயர்நிலை வகுப்புகள் அனைத்திலும் அரையாண்டுத் தேர்வு நின்றது.

பள்ளி விட்டொழித்த கேள்வியை நாம் விட்டோமா? "அடுத்த கடைக்காரர் மகன் எவ்வளவு?" என்று கல்லாவிலிருந்தே விசாரிக்கிறோம். ஆசிரியர் பகலெல்லாம் தேற்றிய மனத்தை ஒரு சொல்லால் உடைப்பது தகுமா?

மதிப்பெண் வேண்டாம் என்பதன்று நம் வாதம். "இன்று எது புரியவில்லை? யாருக்கு உதவினாய்?" என்றும் கேட்போமாக. மதிப்பெண்ணை மட்டும் விசாரிக்கும் வீட்டில், பிள்ளை மதிப்பெண்ணை மட்டுமே பெரிதென எண்ணும்.