கயிறு பிடிப்பவர்

ஜேர்மனியில் பெரிய வெள்ளியன்று பொது இடங்களில் ஆடுவதற்குத் தடை உண்டு. நான் வாழும் பேர்லினில் அது அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி இரவு 9 மணியோடு முடிந்துவிடும். அம்மா இருக்கும் ஹம் நகரத்திலோ முதல்நாள் வியாழன் மாலை 6 மணியிலிருந்து சனி காலை 6 மணிவரை நீளும். யேசு சிலுவையில் இறந்த நாளின் அமைதியை ஆட்டம் குலைத்துவிடும் என்பது சட்டத்தின் எண்ணம். இது 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரைக்கும் போனது. அந்த நாளின் அமைதியை அரசு காக்கலாம், ஆனால் எந்த விதிவிலக்குக்கும் இடமில்லாமல் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. இதே நாடு 2024இல் பேர்லினின் டெக்னோ பண்பாட்டைத் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அவர்களுடைய துக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஆட்டம் என்றால் கேளிக்கை, பக்தி என்றால் அசையாமல் இருப்பது என்று பிரித்துவைத்திருக்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆடுகிற கடவுளைக் கும்பிட்டு வளர்ந்தவள் நான். வெள்ளி இரவு வேலை முடிந்து நிலவறைக்குள் இறங்கி விடியும்வரை ஆடிவிட்டு வருவதை அம்மாவிடம் மறைத்ததும் இல்லை. அவர் ஏசவில்லை. "அங்க ஆரைக் கும்பிட்டு இரவிரவா ஆடுறியள்?" என்று கேட்டார். ஒரு மனுசர் விடியும்வரை ஆடுவதென்றால் அதற்கு ஏதோ ஒரு காரணம் இருந்தே ஆகவேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. எனக்கும் அப்படித்தான் படுகிறது. அதனால் அந்தக் கேள்வியை விடமுடியாமல் சுமந்துகொண்டு திரிகிறேன்.

நான் போகும் டெக்னோ கிளப்புகளில் ஒன்று ட்ரெசோர். 1991இல் அது தொடங்கியது வெர்ட்ஹைம் என்ற பெரிய அங்காடியின் பணப்பெட்டக அறையில். வெர்ட்ஹைம் யூதக் குடும்பம். நாசிகள் அவர்களிடமிருந்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். போரில் சிதைந்த கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது. நிலத்துக்குக் கீழே பெட்டக அறை மட்டும் பல்லாண்டு காலம் பூட்டிக் கிடந்தது. பேர்லின் மதில் விழுந்த பிறகு கிழக்கு, மேற்குப் பிள்ளைகள் அந்த அறையைத் திறந்து ஒன்றாக ஆடத் தொடங்கினார்கள். 2007இலிருந்து ட்ரெசோர் ஒரு பழைய மின்நிலையத்தின் கீழே இருக்கிறது. நீண்ட இருட்டுச் சுரங்கவழியால் நடந்துபோனால் இரும்புக் கம்பிகளும், துருப்பிடித்த பழைய பணப்பெட்டிகளும், கம்பிக்குப் பின்னால் இசை போடுகிறவரும். அவர் முகம் தெரியாது. புகையும் வெட்டி வெட்டி வரும் வெளிச்சமும் அதற்கு விடாது.

காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்துவது என் தொழில். அதனால் அங்கே நடப்பதை இரண்டு விதமாகக் கேட்கிறேன். நிமிடத்துக்கு நூற்று முப்பதளவில் விழும் அந்த அடியின் பலம் பெரும்பாலும் ஐம்பது, அறுபது ஹெர்ட்ஸில் இருக்கிறது. காதுக்கு அடைப்பான் வைத்துக்கொண்டாலும் நெஞ்செலும்புக்கு வைக்க முடியாது. உடம்பு முழுவதும் அதை வாங்கிக்கொள்கிறது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மின்னிசை நிகழ்ச்சியில், காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த ஒலியை எழுப்பும் ஸ்பீக்கர்களை இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை போடுவதும் நிறுத்துவதுமாக இருந்தார்கள். போட்டிருந்த நேரங்களில் ஆடியவர்களின் அசைவு ஏறக்குறைய 12 விழுக்காடு கூடியது. போட்டதும் நிறுத்தியதும் காதுக்குப் பிடிபடுகிற அளவில் இருக்கவில்லை. 2022இல் வெளிவந்த இந்த ஆய்வு எனக்கு நிம்மதியையும் தந்தது, பயத்தையும் தந்தது. என்னை அசைப்பது எது என்று தெரியாமலே நான் அசைகிறேன் என்றால், அசைக்கிற கையை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமா?

இரவு மூன்று நான்கு மணிக்கு மேல் அந்த அறையில் ஒன்று நிகழும். அதுவரை எனக்கென்று இருந்த வேலை, கோபம், வீட்டுவாடகை, நாளைக்குச் செய்ய வேண்டியவை எல்லாம் எங்கோ தள்ளிப் போய்விடும். கை என்னுடையதுதான், ஆனால் அதைத் தூக்கியது நானில்லை. பக்கத்தில் ஆடுகிறவரின் பெயர் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. இதை அனுபவித்தவர்கள் பலர் உடனே "நான் என்பது கரைந்துவிட்டது, இதுதான் கடவுள்" என்று சொல்லிவிடுகிறார்கள். மாத்திரை போட்டவர்கள் இன்னும் உறுதியாகச் சொல்வார்கள். நான் போடுவதில்லை, போட்டவர்களின் அனுபவம் பொய் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த முடிவு அவசரமானது.

எங்கள் சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் மிகவும் கறாரானது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் வகுத்த அந்த வழியில், உயிர் எதைச் சார்ந்து நிற்கிறதோ அதன் தன்மையையே எடுத்துக்கொள்ளும். தனியே நிற்க அதற்கு இயலாது. ஒன்றிலிருந்து விலகினால் இன்னொன்றில் போய்ச் சாயும். அப்படியானால் "என்னை இழந்தேன்" என்பது பாதிச் செய்திதான். இழந்த கணத்தில் எதன்மேல் சாய்ந்தாய் என்பதே மிச்சப் பாதி. அந்தப் பாதியை அம்மா ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார்.

அதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1986இல் ஓர் ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் ஞாயிறு இரவு 9 மணி வழிபாடு ஒன்று ஆரம்பமானது. திரையில் படங்கள், இருட்டு, நடன இசை, கோவிலை விட்டு விலகியிருந்த நூற்றுக்கணக்கான இளையவர்கள். ஆட்டமும் தொழுகையும் ஒன்றாக முடியும் என்று நம்புகிற என்னைப் போன்றவர்கள் கனவு கண்ட இடம் அது. திருச்சபையும் மகிழ்ந்தது, அதை நடத்தியவருக்கு வழக்கமான காலத்தைவிட விரைவாகக் குருப்பட்டம் கொடுத்தது. 'தி மிஷன்' படத்தில் ராபர்ட் டி நீரோ போட்ட அங்கியைத் தேடிப் பெற்று அந்தச் சடங்கில் அவர் உடுத்தார். அவருடைய வீட்டு வேலைக்கும் பணிவிடைக்கும் என்றே பெண்கள் குழு ஒன்று இருந்தது. 1995இல் உண்மை வெளியே வந்து எல்லாம் குலைந்தது. பெண்கள் பலர்மீது செய்த பாலியல் குற்றங்களுக்காக 2025இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது.

அந்தப் பெண்களுக்குக் கிடைத்த பரவசம் பொய்யாக இருந்திருக்காது. அதை நினைக்கும்போதுதான் மனம் நோகிறது. அவர்கள் உண்மையாகவே தங்களை விட்டுக்கொடுத்தார்கள். விட்டுக்கொடுத்ததை வாங்கிக்கொள்ள ஒருவர் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

இதற்கு நேரெதிரே எனக்குத் தோன்றுகிறவர் டேவிட் மன்குசோ. நியூயோர்க்கில் தன் வீட்டிலேயே 1970 காதலர் தினத்தன்று ஆட்டவிருந்தைத் தொடங்கியவர். பிறகு அது 'தி லொஃப்ட்' என்று பெயர் பெற்றது. அழைப்பு உள்ளவர்கள் மட்டுமே வருவார்கள். மது விற்பனை இல்லை. பழமும் பழச்சாறும் இருக்கும். கறுப்பர், வெள்ளையர், லத்தீன் அமெரிக்கர், ஒருபாலீர்ப்பினர், பணமுள்ளவர், இல்லாதவர் எல்லோரும் ஒரே தரையில் ஆடினார்கள். மன்குசோ அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். அங்கே சகோதரி அலிசியா என்ற கன்னியாஸ்திரி ஒரு ரெக்கோர்ட் பிளேயரை வைத்து, பலூன் கட்டி, பழச்சாறு கொடுத்துப் பிள்ளைகளுக்கு விருந்து வைப்பாராம். லொஃப்டில் இருந்தவையும் அந்தப் பலூனும் பழச்சாறும்தான். பின்னாளில் அவர் ஒரு பாட்டை இன்னொன்றோடு கலப்பதைக்கூட விட்டுவிட்டார். இசைத்தட்டை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிடுவார். தன் திறமை பாட்டுக்கும் ஆடுகிறவருக்கும் நடுவில் வரக்கூடாது என்று அவர் நினைத்தார். கருவறையில் பூசை செய்கிற எத்தனை பேருக்கு அந்த அடக்கம் வாய்க்கிறது?

சிக்காகோவில் பிராங்கி நக்கிள்ஸ் வெயார்ஹவுஸில் இசைபோட்ட காலத்தையும் இதோடு சேர்த்தே நினைக்கிறேன். அங்கே ஆடியவர்களில் பெரும்பாலோர் ஒருபாலீர்ப்புக் கறுப்பர்கள். தாங்கள் வளர்ந்த தேவாலயத்தில் தங்களை முழுதாகக் காட்டிக்கொள்ள முடியாதவர்கள். அவர்களுக்கு அந்த இடம்தான் தேவாலயம் என்று நக்கிள்ஸே சொல்லியிருக்கிறார். டெட்ராயிட்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்ற டெக்னோ குழுவினர் முகத்தை மறைத்தே மேடையேறினார்கள். அவர்களில் ஒருவரான ராபர்ட் ஹூட் பிற்பாடு போதகராகி, இன்றும் மகளோடு சேர்ந்து சுவிசேஷப் பாட்டின் சாயலில் டெக்னோ செய்கிறார். தேவாலயம் அந்த இசைக்குள் முதலிலிருந்தே இருந்தது. வெளியே தள்ளப்பட்டவர்கள் அதைக் கையோடு கொண்டுபோனார்கள்.

இப்போது அம்மாவின் பக்கம் வருகிறேன். ஹம் காமாட்சி அம்பாள் கோவிலும் நகரத்தின் ஓரத்தில், தொழிற்பேட்டைக்குள்தான் இருக்கிறது. 2002இல் குடமுழுக்கு நடந்தது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுக்க இருந்து எங்கள் சனம் வரும். தீர்த்தம் ஆடுவது கப்பல் போகும் கால்வாயில். என் சித்தப்பா அங்கே செடில் குத்திக் காவடி எடுத்தார். முதுகில் கொக்கிகள், கொக்கிகளில் கயிறு, கயிற்றின் மறுமுனை அப்பாவின் கையில்.

சின்ன வயதில் நான் சித்தப்பாவை மட்டும்தான் பார்த்தேன். இப்போது நினைவில் வருவது அப்பாவின் கைகள். கயிற்றை ஒருதரம் உள்ளங்கையில் சுற்றியிருப்பார். சித்தப்பா மேளத்துக்கு முன்னால் பாயும்போது அந்தக் கயிறு தொய்யவும் கூடாது, இறுகவும் கூடாது. தொய்ந்தால் ஆடுகிறவர் முன்னால் விழுந்துவிடுவார், இறுகினால் தோல் கிழியும். எல்லோரும் காவடியையும் தேரையும் பார்த்துக்கொண்டிருக்க, அப்பாவின் கண் சித்தப்பாவின் முதுகை விட்டு அசையவில்லை. அம்பாளைக்கூட அவர் அன்றைக்குத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்.

ட்ரெசோரிலும் ஓர் இரவு அந்தக் கையைக் கண்டேன். விடிகிற நேரம். ஒரு பிள்ளை, இருபது வயதுகூட மட்டுமட்டு, சுவரோடு சரிந்து இருந்துவிட்டாள். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. ஒரு பெண் வந்து முன்னால் குந்தினாள். பெயர் கேட்கவில்லை, என்ன போட்டாய் என்றும் கேட்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை அவளுடைய கைக்குள் வைத்து, விரல்கள் ஒவ்வொன்றாகப் போத்தலைச் சுற்றி மூடும்வரை தன் கையை எடுக்காமல் இருந்தாள். சுற்றி ஆட்டம் நிற்கவில்லை. ஆனால் ஆடியவர்கள் அரையடி பின்வாங்கி இடம் விட்டிருந்தார்கள், யாரும் சொல்லாமலே.

அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதிலிருந்துதான் வந்தது. அங்கே கும்பிடப்படுகிறவர் என்று ஒருவரும் இல்லை அம்மா, நல்ல இடமென்றால் அந்த நடுவிடத்தை வெறுமையாகவே வைத்திருப்பார்கள். கெட்ட இடத்தில் அதில் ஒருவர் ஏறிவிடுவார். இன்றைய பெரிய இசைத் திருவிழாக்களில் நடப்பது அதுதான். இருபதடி உயர மேடையில் கைகளை விரித்து நிற்கிறார் இசை போடுகிறவர். கீழே ஆயிரக்கணக்கானோர் ஆடாமல், கைத்தொலைபேசியைத் தூக்கிப்பிடித்து அவரையே பார்க்கிறார்கள். அங்கே நிறைந்திருப்பது ஒரு மனுசருடைய முகம். பேர்லினின் பல கிளப்புகளில் கமராவின்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதையும், இசை போடுகிறவரை இருட்டில் வைப்பதையும் நான் ஒரு மத ஒழுக்கமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா முழுதாகக் கேட்டார். பிறகு, "வெறுமையில சாய ஏலுமோ?" என்றார். மெய்கண்டாரை அவர் படித்ததில்லை; தேவையும் இருக்கவில்லை.

ஏலாது என்றுதான் நினைக்கிறேன். அந்த இடத்தில் கோவிலுக்கு இருப்பது டெக்னோவுக்கு இல்லை. சித்தப்பா நேர்த்தி வைத்து, விரதமிருந்து, யாருக்கு எதற்காக என்று தெரிந்து ஆடினார். ஆடி முடித்தபோது ஒரு கடன் தீர்ந்தது. நாங்கள் யாருக்கும் கடன்படாதவர்களைப் போல உள்ளே போகிறோம், அப்படியே வெளியே வருகிறோம். உண்மையில் டெட்ராயிட், சிக்காகோ கறுப்பர்களுக்கும், அந்தப் பெட்டக அறையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கும் கடன்பட்டவர்கள். ஆட்டம் தொடங்குமுன் அதைச் சொல்லி நினைவூட்ட ஒரு குருக்களும் இல்லை.

இப்போது நண்பர்கள் நடத்தும் சிறிய ஆட்ட இரவுகளில், அந்தப் பெண் செய்த வேலையை நானும் முறைவைத்துச் செய்கிறேன். என் முறை வரும் இரவில் ஆடமாட்டேன். கையில் தண்ணீரும் ஒரு சின்ன டோர்ச்சும் இருக்கும். மேளம் நெஞ்சில் விழும்போது கால் தானாக எழும்பும். எழும்ப விடாமல் நிற்பது கடினம். ஆடாமல் நிற்பவள் வழிபடுகிறாளா, வெறும் காவலா என்று அம்மாவைக் கேட்டேன்.

அவர் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அப்பா ஒருநாளும் காவடி எடுத்ததில்லை. ஆனால் சித்தப்பா விரதம் பிடித்த நாளிலிருந்து தானும் பிடித்தாராம். மச்சம் தொடவில்லை, நிலத்தில் பாய் போட்டுப் படுத்தார். கயிறு பிடிக்கிற கையும் சுத்தமாக இருக்கவேணும் என்று சொன்னாராம். யாருக்கு நேர்த்தி என்று கேட்டதற்கு, "தம்பி ஆருக்கு வைச்சவனோ அவவுக்குத்தான்" என்றாராம்.

அடுத்த முறை என்னுடைய வெள்ளிக்கிழமைக்கு நானும் விரதமிருக்கப் போகிறேன். அந்த இரவில் ஆடப்போகிறவர்கள் யாரை நினைத்து ஆடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. பலருக்கு யாருமே இருக்கமாட்டார்கள். அவர்கள் நினைக்கிறவர் யாரோ, அவருக்கென்று என் விரதத்தையும் வைக்கிறேன்.