ஒரு வாய்

சென்னைப் புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் பெண்மணி, தம் கல்லூரித் தோழிகள் ஐவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். வத்தக்குழம்பு, பீன்ஸ் பருப்பு உசிலி, உருளைக்கிழங்கு வறுவல், பால் பாயசம். எல்லாம் அவரே நின்று சமைத்தவை. வந்தவர்கள் வயிறார உண்டு, விடுதிக் காலத்துக் கதைகள் பேசி, மாலைக் காபியும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். மறுநாள் காலை, அதே குடியிருப்பில் இருக்கும் தோழி ஒருவரின் குரல் பதிவு, வேறு யாருக்கோ அனுப்பப்போய், குடியிருப்போர் வாட்ஸாப் குழுவில் வந்து விழுந்தது. “எங்களுக்கெல்லாம் அள்ளி அள்ளி வச்சா. அவ மட்டும் ஒரு வாய்கூட வைக்கல. நடுவுல நாலு தடவை பாத்ரூமுக்கு ஓடுறா, திரும்பி வந்து அப்பளம் எடுத்துப் போடுறா. குடல்ல ஏதோ வியாதியாம். முன்னாடியே சொல்லியிருக்க வேணாமா? தெரிஞ்சிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்.”

பதிவு சில நிமிடங்களில் அழிக்கப்பட்டது. அதற்குள் கேட்க வேண்டியவர்கள் கேட்டாயிற்று. நோயை வைத்துக்கொண்டு ஏன் அழைக்க வேண்டும் என்றார் ஒருவர். தான் உண்ணாததைப் பிறருக்குப் பரிமாறுவது முறையா என்றார் இன்னொருவர். அந்தப் பெண்மணி குழுவிலிருந்து விலகிக்கொண்டார்.

இதில் தீர்ப்புச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அழைத்தவர் எந்த அறத்தையும் மீறவில்லை. உண்ட வீட்டின் துன்பத்தை ஊர்ப்பேச்சாக்கியவரே மீறினார்.

அழைத்தவருக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சி. உடலின் எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்க, பெருங்குடலின் உட்சுவர் வீங்கிப் புண்ணாகிறது. சீதமும் இரத்தமும் போகும். தீவிரமான நாட்களில் பத்து முறைக்கு மேலும் கழிவறைக்குப் போக நேரும். உந்துதல் வந்தால் அடக்க முடியாது. 1932-இல் நியூயார்க் மருத்துவர் பரில் குரோனும் அவருடைய சகாக்களும் விவரித்ததால் குரோன் நோய் என்று பெயர் பெற்றது இதன் உடன்பிறப்பு. இரண்டும் மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். எப்போது எழும் என்று சொல்ல முடியாது. மாத்திரைகள் அடக்கி வைக்கும், அடியோடு நீக்கா. இவை தொற்றுநோய்கள் அல்ல. நோயாளி தொட்ட தட்டிலோ, பிசைந்த மாவிலோ, எடுத்துப் போட்ட அப்பளத்திலோ இந்த நோய் ஏறி வருவதில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சமைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் பொதுவான விதி. ஒரு நாளில் பத்து முறை கை கழுவுகிறவரிடம் அந்த விதியை எடுத்துச் சொல்லப் போகிறவர், முதலில் தம் கையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை அவர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சனிக்கிழமை இரவே அவர் சாப்பாட்டைச் சுருக்கிக்கொண்டார். காலையில் ஒரே ஓர் இட்லி. தமக்கென்று ஒரு சிறிய எவர்சில்வர் தூக்கில் குழைய வடித்த சாதத்தையும் மோரையும் எடுத்து அடுப்படி மூலையில் வைத்திருந்தார், எல்லாரும் போன பிறகு உண்பதற்கு. இரண்டு படுக்கையறை கொண்ட வீடு. தோழிகள் உட்கார்ந்திருந்த கூடத்துக்கும் கழிவறைக்கும் நடுவே பத்தடிகூட இராது. உள்ளே போய்த் தாழிட்டதும் முதல் வேலை, குழாயைத் திறந்து பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரை விழவிடுவது. வயிற்றின் ஓசை கூடத்துக்குக் கேட்கக்கூடாது. வலி பிடித்து இழுக்கும்போது ஓட்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொள்ள வேண்டும். அடங்கியதும் முழங்கைவரை கழுவி, முகத்தைத் துடைத்து, கண்ணாடியைப் பார்த்து ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, வெளியே வந்து “யாருக்கு மோர் வேணும்?” என்று கேட்க வேண்டும். அன்று அதை நான்கு முறை செய்தார்.

வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தை முகத்தில்தான் முடிக்கிறார். மோந்தால் வாடும் அனிச்சத்தைக் காட்டி, விருந்தினரோ முகம் மாறிப் பார்த்தாலே வாடிவிடுவார் என்கிறது 90-ஆம் குறள். அடுத்த அதிகாரமே இனியவை கூறல். அங்கே மனம் மகிழ்ந்து கொடுப்பதைவிட முகமலர்ச்சியோடு இன்சொல் சொல்வது நன்று என்கிறார். வலிக்கும் வயிற்றோடு அந்த மலர்ச்சியை நான்கு முறை மீட்டெடுத்த ஒருவருக்கு, விருந்தோம்பலில் என்ன குறை சொல்ல முடியும்?

உடன் உண்ணவில்லை என்பதே பெரிய குற்றச்சாட்டு. நம் நூல்களில் அப்படி ஒரு கடமை எங்கே இருக்கிறது? விருந்தினர் வெளியே இருக்கத் தான் மட்டும் உண்பது சாவா மருந்தே ஆனாலும் தகாது என்பது 82-ஆம் குறள். இந்திரர் அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாதவர்களால்தான் இந்த உலகம் நிலைத்திருக்கிறது என்கிறார் புறநானூற்றின் 182-ஆம் பாடலில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. விருந்தினரை உண்ணச் செய்து மிஞ்சியதை உண்பவனின் நிலத்துக்கு விதைகூட வேண்டுமோ என்று கேட்கிறது 85-ஆம் குறள். விருந்தை விட்டுத் தான் உண்ணாதே என்பதுதான் இவை எல்லாம் சொல்லும் தடை. விருந்தை உண்ணச் செய்து தான் உண்ணாமல் இருப்பதை எவரும் குற்றமாக்கவில்லை. நம் வீடுகளில் பரிமாறுகிறவர் பந்தி முடிந்த பிறகுதான் உட்கார்ந்தார். பெண்களை மட்டும் கடைசிப் பந்திக்குத் தள்ளிய அந்த வழக்கம் போற்றத்தக்கதன்று. ஆனாலும் பரிமாறியவள் உண்ணாததைப் பார்த்து, சாப்பாட்டில் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கு எந்த விருந்தாளியும் ஐயப்பட்டதில்லை.

அழைக்காமலே இருந்திருக்கலாமே என்பவர்கள், அழைக்க முடியாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்று அறியாதவர்கள். மதுரை ஆயர் சேரியில், கோவலன் சிலம்பு விற்கக் கிளம்பும் முன், பிரிந்திருந்த காலத்தில் தான் இழந்தவற்றைக் கண்ணகி சொல்கிறாள். நகையையும் செல்வத்தையும் அவள் பேசவில்லை. விருந்தை எதிர்கொள்ள முடியாமல் போனதைச் சொல்கிறாள். கம்பனின் சீதை அசோகவனத்தில், தன் சிறையையும் மறந்து, விருந்தினர் வந்தால் தான் இல்லாமல் இராமன் என்ன பாடுபடுவானோ என்று வருந்துகிறாள். குடல் நோய் முதலில் பறிப்பது பயணங்களை. பிறகு கல்யாண வீடுகள், திரையரங்கு, பேருந்து என்று ஒவ்வொன்றாகப் போகும். கழிவறை எங்கே என்று தெரிந்த ஒரே இடமாக மிஞ்சுவது சொந்த வீடு. அங்கேயும் யாரையும் கூப்பிடாதே என்றால் அந்த மனிதருக்கு மிஞ்சுவது நான்கு சுவர். சிறுபாணாற்றுப்படையில் வறுமைப்பட்ட வீட்டுப் பெண் உப்பில்லாமல் வேகவைத்த கீரையை, ஊரார் கண்ணில் படாமலிருக்கக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். அந்தக் கதவு இன்றும் பல வீடுகளில் அடைபட்டுக் கிடக்கிறது. அடைக்கச் செய்வது நம் பேச்சு.

வயிற்று நோயாளிக்கு விருந்தில் இடமில்லை என்று நம் இலக்கியம் எங்கும் சொல்லவில்லை. யானைத்தீ என்ற தீராப் பசிநோயால் வாடிய காயசண்டிகைதான், அமுதசுரபியில் முதல் பிச்சையை ஆதிரையிடம் பெறுமாறு மணிமேகலைக்கு வழிகாட்டியவள். தமிழில் சொல்லப்பட்ட மிகப்பெரிய அன்னதானத்தின் வாசலில் நிற்பவள் ஒரு வயிற்று நோயாளி.

இனி, விருந்தாளிகள் செய்யும் பிழைக்கு வரலாம். குரல் பதிவு அரிதாக நடப்பது. அன்றாடம் நடப்பது வேறு. “ஒரே ஒரு வாய் சாப்பிடு, ஒண்ணும் ஆகாது” என்ற வற்புறுத்தல். அன்பின் பெயரால் நடப்பதால் இதை யாரும் பிழையாக எண்ணுவதில்லை. அந்த ஒரு வாய் இரவெல்லாம் என்ன செய்யும் என்று ஊட்டியவருக்குத் தெரியாது. அவர் அப்போது தம் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார். மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வது தெளிவு. முன் உண்டது அற்ற பின் அளவறிந்து உண்ண வேண்டும், உடலுக்கு மாறுபடாத உணவையும் மனத்தை மறுத்து அளவோடு உண்டால் உயிருக்கு ஊறில்லை என்கிறார். ஒரு நாள் உணவை விடு என்றாலும் விடாத, இரண்டு நாளுக்குச் சேர்த்து வாங்கிக்கொள் என்றாலும் வாங்காத வயிற்றோடு வாழ்வது அரிது என்று நல்வழியில் ஒளவை நொந்துகொண்டது நலமாக இருக்கும் வயிற்றைப் பற்றியே. நோயுற்ற வயிற்றோடு வாழ்பவர் வேண்டாம் என்றால், அந்தச் சொல்லோடு விட்டுவிட வேண்டும். இரண்டாம் முறை கேட்பது உபசாரம். மூன்றாம் முறை கேட்பது வன்முறை.

நல்ல விருந்தாளி எப்படி இருப்பார் என்பதைச் சேக்கிழார் திங்களூரில் காட்டியிருக்கிறார். அப்பூதி அடிகள் வீட்டுக்குத் திருநாவுக்கரசர் வந்தார். வாழைக்குருத்து அரியப்போன மூத்த பிள்ளை பாம்பு தீண்டி இறந்தான். விருந்து கெடக்கூடாது என்று பெற்றோர் உடலை மறைத்துவிட்டு இலை போட்டார்கள். நாவுக்கரசரின் நெஞ்சுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பிள்ளை எங்கே என்று கேட்டு, உண்மை அறிந்து, அந்தத் துயரைத் தீர்த்த பிறகே உணவில் கை வைத்தார். இது விருந்தளித்தவரின் பெருமைக்குச் சான்றாகவே வழக்கமாக எடுத்துச் சொல்லப்படுகிறது. விருந்தாளியைப் பார்த்தால் வேறொன்று தெரியும். நாவுக்கரசர் யார்? சூலை நோய் குடலைப் பிடித்து முறுக்கியவர். சமணர்களின் மருந்தும் மந்திரமும் பலிக்காமல், இரவோடு இரவாகத் திருவதிகைக்குத் தமக்கை திலகவதியாரிடம் வந்து விழுந்தவர். வயிற்று வலியை அறிந்தவருக்கு, விருந்தளிப்பவர் முகத்தின் பின்னால் மறைந்திருப்பது தெரிந்தது. இலையில் இருந்ததைவிட அதுவே அவருக்குப் பெரிதாகப் பட்டது. விருந்தின் பயன் இவ்வளவு என்று அளக்க முடியாது, அது விருந்தினரின் தகுதியளவே என்று 87-ஆம் குறள் சொல்வதற்கு இதைவிட உரை வேண்டாம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. விருந்து நம்பிக்கையின் மேல் நிற்பது, மறைப்பது அதைக் குலைக்கும் என்பார்கள். ஜப்பான் பிரதமராயிருந்த ஷின்சோ அபேக்கும் இதே நோய்தான். 2007-இல் பதவி விலகல் அறிவித்தபோது அதை வெளிப்படையாகச் சொல்லாததால் பல ஊகங்கள் எழுந்தன. 2020 ஆகஸ்டில் நோயைச் சொல்லியே விலகினார். நாடாள்பவருக்கு அந்தக் கடமை இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சோறு போடுபவருக்கு இல்லை. விருந்தாளிக்குத் தெரிய வேண்டியது தம் இலையில் உள்ளவற்றைப் பற்றி. வேர்க்கடலை ஒவ்வாதவர் வந்தால் கறியில் வேர்க்கடலை இருப்பதைச் சொல்ல வேண்டும். கோதுமை ஆகாத சீலியாக் நோயாளி வந்தால், கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். சமைத்தவரின் குடல் அந்தப் பட்டியலில் வராது. சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம்.

சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஒரு கடமை உண்டென்றால் அது விருந்தாளிக்கு. இந்நோயாளிகள் பலர் எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தும் மருந்துகளை உண்கிறார்கள். சளியோ காய்ச்சலோ, வீட்டுக் குழந்தைக்குச் சின்னம்மையோ இருந்தால் “இன்னொரு நாள் வருகிறேன்” என்று சொல்ல வேண்டியவர் வருகிறவர்தான். குரல் பதிவு அனுப்பியவர் அந்தக் கோணத்தில் ஒரு கணமும் யோசித்திருக்க மாட்டார்.

சட்டத்தை நம்பி இருக்கவும் முடியாது. நோயுற்றவர் அவசரமாகக் கேட்டால் கடைகள் ஊழியர் கழிவறையைத் திறந்துவிட வேண்டும் என்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2005-இல் சட்டம் இயற்றியது. குரோன் நோயுற்ற பதின்வயதுப் பெண் ஒருவருக்குக் கடையில் கதவு மறுக்கப்பட்டதே காரணம். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கணக்கிட்ட 21 வகைகளில் இந்த நோய்கள் இல்லை. இருந்தாலும் எந்தச் சட்டமும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியின் முகத்தைத் திருத்தாது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்த்துக்கொள்பவர் ஆகிய நான்கையும் சேர்த்தே மருத்துவம் என்றார் வள்ளுவர். அந்த நான்காமவராக அன்று ஐந்து பேர் வந்திருந்தார்கள்.

ஐவரில் ஒருவர் அப்படி இருந்தார். அந்தப் பெண்மணி மூன்றாம் முறை எழுந்து உள்ளே போனபோது, கூடத்தில் பேச்சு நின்று எல்லார் கண்ணும் அந்தக் கதவுக்குப் போயிற்று. அந்தத் தோழி எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். விடுதிச் சாப்பாட்டு அறையில் உப்புமாவுக்கு எதிராக நடந்த போராட்டத்தைக் குரலை உயர்த்திச் சொல்லத் தொடங்கினார். உள்ளிருந்தவருக்கு வாளியில் தண்ணீர் விழும் ஓசைக்கு மேல் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டதாம். ஊர் முழுக்க அந்தக் குரல் பதிவைப் பேசிக்கொண்டிருந்த திங்கள்கிழமை மாலை, அவரிடமிருந்து ஒரு போன் வந்தது. பதிவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

“அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரேன்டி. நீ சமைக்காத, நான் ரசம் வச்சு எடுத்துட்டு வரேன். மிளகு போடலாமா, வேணாமா, அத மட்டும் சொல்லு.”