முக்கூடல் மூத்தவளின் ஊர்

திருநெல்வேலிக்கு மேற்கே, பீடித் தொழிலுக்குப் பேர்போன முக்கூடல் இருக்கிறது. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, வெட்டிய இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டும் பெண்களின் ஊர். முக்கூடற்பள்ளு என்னும் சிற்றிலக்கியத்தில் வரும் மூத்த மனைவியைப் பற்றிக் குறிப்பெழுதுகிறவர், பெயரைக் கண்டதும் அவளை இந்த ஊர்க்காரி ஆக்கிவிடுவது எளிது. ஆனால் அவளுடைய முக்கூடல் இது அன்று. கிழக்கே சீவலப்பேரியருகில், சிற்றாறும் கோதண்டராம நதியும் தாமிரபரணியோடு சேரும் இடம். அவள் வணங்கும் அழகரின் கோயில் அங்கேதான் இருக்கிறது. அவளோடு மல்லுக்கு நிற்கும் இளையவளின் மருதூரும் ஆற்றில் அதற்குக் கீழேதான்.

உண்மையில் வாழ்ந்திராத ஒருத்திக்கு எந்த ஊராக இருந்தால் என்ன என்று நமக்குத் தோன்றலாம். வாழ்ந்தவரைப் பற்றித் தவறாக எழுதினால் கல்வெட்டு மறுக்கும், பத்திரம் மறுக்கும், பேரப்பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். கற்பனையில் பிறந்தவளுக்கு அந்த நூல் ஒன்றே உடல், அதுவே சாட்சி. புராண மாந்தரையெல்லாம் அகரவரிசைக்குள் கொண்டுவர ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராக உழைத்து, 1910இல் அபிதான சிந்தாமணி என்னும் கலைக்களஞ்சியத்தைத் தந்தார். அந்த உழைப்பை வீண்வேலை என்று யாரும் சொல்லத் துணியமாட்டோம். இன்று சூப்பர் ஹீரோ படங்களின் பாத்திரங்களுக்குத் தகவல் சரிபார்க்கும் இளைஞர்களும் அந்த மரபில் வந்தவர்களே. அயர்ன் மேனாகும் டோனி ஸ்டார்க் காயப்பட்டது 1963இன் காமிக்ஸில் வியட்நாமில். 2008இன் படத்தில் ஆப்கானிஸ்தானில். இரண்டும் உண்மை. எது எந்தப் படைப்பில் என்று சொல்லாமல் கலந்துவிட்டால் இரண்டுமே பொய்யாகிவிடும். ஏனெனில் கற்பனைக்கு உரிய மெய்ம்மை உலகத்தோடு ஒத்துப்போவதில் இல்லை. படைத்தவன் எதை எந்த இடத்தில் எந்த அளவில் வைத்தானோ, அதை நம் விருப்பத்துக்கும் ஊர்ப்பற்றுக்கும் வளைக்காமல் அப்படியே அடுத்தவர் கையில் ஒப்படைக்கும் நேர்மையில்தான் அது உயிர்த்திருக்கிறது.

ஊரும் ஆண்டும் சரியாக இருந்தாலே அந்த நேர்மை நிறைந்துவிடுமா? பள்ளில் மூத்தவள் தன் கணவனைப் பற்றிப் பண்ணைக்காரனிடம் முறையிடுகிறாள். பண்ணைக்காரன் அவனைத் தண்டனையாகத் தொழுமரத்தில் மாட்டுகிறான். இவ்வளவோடு ஒருவர் குறிப்பை முடித்துக்கொண்டால், அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இராது. ஆனால் அவனை விட்டுவிடச் சொல்லி அதே பண்ணைக்காரனிடம் மன்றாடுகிறவளும் அவள்தான். முதல் பாதியை மட்டும் படிக்கிற தலைமுறைக்கு அவள் பழிவாங்கிய மனைவியாக மட்டுமே எஞ்சுவாள். மறுத்துச் சொல்ல அவளுக்கு வாய் கிடையாது. குறிப்பில் இடம் போதவில்லை என்றால் மூன்று ஆறுகளில் ஒன்றிரண்டைக்கூட விட்டுவிடலாம். அந்த மன்றாட்டை விடக்கூடாது.