சொல்லுக்கு ஆள் வேண்டும்

வளர்ந்தபின் நாடு மாறியவர்களுக்குத் தாய்மொழி முழுவதுமாக மறந்துபோவதில்லை. இலக்கணம் நிலைக்கிறது, கேட்பதெல்லாம் புரிகிறது. ஆனால் பேச்சின் நடுவே தேவைப்படும் சொல் வர மறுக்கிறது. "அதுதான், அந்தச் சாமான்" என்று சமாளிக்கிறோம். மற்றவர் சொல்லை எடுத்துக் கொடுத்ததும் உடனே தெரிந்துவிடுகிறது. சொல் உள்ளேதான் இருக்கிறது. அன்றாடம் புழங்கும் மொழியின் சொல் அதை முந்திக்கொள்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ வந்த என் தலைமுறையினரிடம் முதலில் நழுவியவை தோட்டத்துச் சொற்களும் வளவுச் சொற்களும். கிணற்றில் ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் தண்ணீர் மாறிய காலத்தில் அந்தச் சொற்களை யாரும் நினைவில் வைத்திருக்கத் தேவையிருக்கவில்லை. வேலையே நினைவூட்டியது. கதியால், காவோலை, கடகம் எல்லாம் இன்று தேடி எடுக்க வேண்டியவை. ஒடியலும் பிட்டும் மறக்கவில்லை, ஸ்காபரோக் கடைகளில் கிடைக்கின்றன. மச்சாளும் பெரியம்மாவும் மறக்கவில்லை, கூப்பிட ஆட்கள் இருக்கிறார்கள்.

புழக்கம் மட்டுமே காரணமென்றும் சொல்லிவிட முடியாது. நாஸி ஜெர்மனியிலிருந்து தப்பி ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குச் சென்ற யூதர்களின் ஜெர்மன் மொழியை மொழியியலாளர் மோனிகா ஷ்மிட் ஆராய்ந்தார். யூதர்கள்மீதான 1938 நவம்பர் வன்முறைக்குப் பின் வெளியேறியவர்களிடம்தான் அந்த மொழி அதிகம் தேய்ந்திருந்தது. புறப்பட்ட வயதைவிட, பட்ட கொடுமையே அதை முடிவுசெய்தது. தங்களை விரட்டியவர்களின் மொழியை அவர்களின் மனம் விலக்கியது.

எங்கள் கதை இதற்கு நேர்மாறு. 1983 யூலையில் இலங்கையில் தமிழர் என்பதற்காகவே தாக்கப்பட்டோம். அதனால் மொழியை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டோம். சனிக்கிழமை வகுப்புகள், பத்திரிகைகள், வானொலிகள் நடத்தினோம். 2016இல் கனடிய நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆனாலும் மொழிப்பற்று மிகுந்த எங்கள் வீடுகளிலேயே அன்றாடச் சொற்கள் குறைகின்றன. பற்று மொழியின் பெயரைக் காக்கும். சொற்களைக் காப்பது பேச்சுத்தான்.

மேடைத்தமிழுக்கு நாங்கள் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை முதியவர்களோடு பேசுவதற்கும் கொடுக்க வேண்டும். அவர்களிடம், "சுகமா, சாப்பிட்டீங்களா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு கேள்விகளுக்குப் பத்துச் சொற்கள் போதும், மீதிச் சொற்கள் அவர்களுக்குள்ளேயே கிடந்து மங்கும்.

வேலையைப் பற்றிக் கேளுங்கள். கிடுகு எப்படிப் பின்னுவது, வேலி எந்த மாதம் அடைப்பது, பாய் இழைக்க எந்த ஓலை நல்லது என்று கேளுங்கள். முதலில் தயங்குவார்கள். அவசரப்பட்டு ஆங்கிலச் சொல்லை எடுத்துக் கொடுக்காமல் பொறுத்திருங்கள். ஒரு சொல் வந்தால் அதன் பின்னால் இன்னும் நாலு சொற்கள் வரும். கேட்க ஆள் இருக்கும்வரை அவை வந்துகொண்டே இருக்கும்.