மனக்கோயிலின் சுதை வேலை

பூசலார் கதையை நம்மில் பலர் பாதியாகத்தான் சொல்கிறார்கள். திருநின்றவூரில் ஓர் ஏழை. சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை, மனசுக்குள் கட்டினார். அதே நாளில் காஞ்சிபுரத்தில் தன் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ அரசனின் கனவில் சிவன் வந்து, நாளை எனக்குப் பூசலின் கோயிலில் வேலை இருக்கிறது, நீ வேறு நாள் பார் என்று சொல்லிவிட்டுப் போனார். அரசன் தேடி வந்து பார்த்தால் ஊரில் கோயிலே இல்லை. ஆகவே செயலைவிட எண்ணம் உயர்ந்தது என்று முடித்துவிடுகிறோம். எழுதுகிறவர்களுக்கு, குறிப்பாக எழுதாமலிருக்கிற எழுத்தாளர்களுக்கு, இதைவிடச் சௌகரியமான முடிவு கிடையாது.

சேக்கிழார் சொல்வது வேறு. பூசலார் முதலில் பொருள் தேடி அலைகிறார். எங்கும் கிடைக்காமல்தான் மனசுக்குத் திரும்புகிறார். திரும்பியவர் ஒரே மூச்சில் கோபுரத்தை நினைத்துக் கும்பிட்டுவிடவில்லை. சாமான் சேர்க்கிறார், தச்சரைத் தேடுகிறார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் போடுகிறார். இரவெல்லாம் கண்விழித்து வேலை நடக்கிறது. விமானம் எழும்பிய பிறகு சுதை வேலை, கிணறு, மதில், குளம். எதையும் அவர் தாண்டிப் போவதில்லை. எனக்கு இந்தச் சுதை வேலைதான் முக்கியமாகப் படுகிறது. வெறுமனே கனவு காண்கிறவனுக்குக் கோயில் பூசி முடித்தே வந்து நிற்கும். மடப்பள்ளிக்குத் தண்ணீர் வேண்டுமே என்ற கவலை அவனுக்கு வராது.

ஆக அரசனுக்கும் பூசலாருக்கும் இடையே இருப்பது செயலுக்கும் எண்ணத்துக்கும் உள்ள பேதமல்ல. இருவரும் கட்டினார்கள், ஒருவனிடம் கல் இருந்தது. அந்த அரசன் ராஜசிம்மன் என்றும், அந்தக் கோயில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கைலாசநாதர் கோயில் என்றும் கொள்வது வழக்கம். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு ஒன்று அசரீரியைக் கேட்டவன் என்று அவனைப் புகழ்கிறது. பூசலார் கதைக்கு அதுவே மூலம் என்பாரும் உண்டு. சுற்றியுள்ள சிறு சந்நிதிகளில் அவனுடைய விருதுப் பெயர்கள் 200க்கு மேல் வெட்டப்பட்டிருக்கின்றன. (நடந்து பார்த்தால் பாதியிலேயே சலித்துவிடும்.) தெய்வமே தன்னிடம் பேசியது என்று நம்பியவனுக்கு இத்தனை பெயர்கள் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

தெய்வம் எனக்கென்று ஒரு காரியத்தைக் கொடுத்திருக்கிறது என்ற பேச்சில் எனக்குள்ள சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. லூதர் ‘தொழில்’ என்ற ஜெர்மன் சொல்லிலேயே கடவுளின் அழைப்பை ஏற்றிவிட்டார் என்று மாக்ஸ் வெபர் 1904-05இல் எழுதினார். நம்மிடம் அந்த ஏற்பாட்டை அதற்கு வெகுகாலம் முன்பே சாதி செய்து வைத்திருந்தது. காஞ்சிபுரத்துத் தறிக்காரரிடம் இது உனக்கு ஆண்டவன் விதித்த வேலை என்று சொல்ல ஆளுக்கா பஞ்சம்?

கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா ஓட வேண்டும். உடலின் ஊடை ஒவ்வொரு முறையும் கரையின் ஊடையைக் கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். நெய்பவருக்குத் துணையாக இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாடாவைத் தள்ளிக்கொண்டே இருப்பார். நெடுங்காலம் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் ஒரு குழந்தை. வீட்டார் வாங்கிய முன்பணத்துக்காக உட்கார வைக்கப்பட்ட குழந்தை. 1986இல் சட்டம் வந்தது. பழக்கம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் விடவில்லை. செயல், செயல் என்கிறோமே, அந்தப் பையனின் கையிலும் நாள் முழுக்கச் செயல்தான். பூசலாருடையதைவிட ஒழுங்கான செயல். கரை யாருடைய கற்பனை, சேலை யாருடைய கல்யாணத்துக்கு, எப்போது அறுத்து இறக்குவது, எதுவும் அவன் கையில் இல்லை. பூசலாரிடம் காசு இல்லாவிட்டாலும் ஒன்று இருந்தது: குடமுழுக்குக்கு நாள் குறித்தவர் அவரே. சிவன் மதித்ததும் அந்த நாளைத்தான்.

பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’, 2007க்கான தேசிய விருது பெற்ற படம், இதே இடத்தைத் தொடுகிறது. நெசவாளி வேங்கடம் மகளைப் பட்டுடுத்திக் கல்யாணம் செய்து கொடுப்பதாக ஊரறியச் சொல்லிவிடுகிறான். கூலியில் பட்டு வாங்க முடியாது. வேலை முடிந்து வரும்போது வாயில் பட்டிழையை ஒளித்து எடுத்துவந்து இரவில் ரகசியமாக நெய்கிறான். காசில்லாமை, கண்விழிப்பு, படிப்படியான வேலை, எல்லாம் பூசலாருடையவைதான். பூசலாரைப் போல மனசுக்குத் திரும்பிக்கொள்ள மட்டும் அவனால் முடியாது. மனக்கோயிலுக்குள் சிவன் குடியேறலாம். மனசில் நெய்த சேலையை மகள் உடுத்த முடியாது. படத்தின் முடிவில் அந்த அரைச் சேலை அவளுடைய உடலை மூடக்கூடப் போதவில்லை. திருட்டு என்று அவனைக் கண்டிக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அவன் கேட்டது சிறியது, நியாயமானதும்கூட.

வாசகன் இந்த இருவரில் யாரைப் போன்றவன்? நம் உள்ளே புகுந்து பார்க்கும் வசதி அவனுக்கு இல்லை. அவனும் அந்த மகளைப் போல எதிரே காத்து நிற்கிறவன்தான். திருநின்றவூரிலேயே இன்று இருதயாலீஸ்வரர் கோயில் கல்லால்தான் நிற்கிறது. இருதய நோய்க்காரர்கள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள். பூசலாருக்கு அது தேவைப்பட்டிருக்காது. ஊருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

நண்பர் ஒருவர் இருபது வருஷமாக மனசுக்குள் ஒரு நாவல் வைத்திருக்கிறார். முழுசாக இருக்கிறது, பிசிறில்லாமல் இருக்கிறது என்பார். போன மாதம், அதில் இப்போது எந்த அத்தியாயத்தில் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். அத்தியாயமாக இன்னும் பிரிக்கவில்லை என்றார்.