புயல் எங்கே போக வேண்டும்?

2018 நவம்பர் மாதம். வங்கக் கடலில் உருவான ‘கஜா’ புயல் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே அது கரை கடக்கக்கூடும் என்பது வானிலைத் துறையின் தொடக்க அறிவிப்பு. அவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவில்தான் சென்னை இருக்கிறது; சென்னையின் தென்கோடியில் எங்கள் பெருங்களத்தூர் இருக்கிறது. 2015 ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தையும், 2016 ஆம் ஆண்டின் ‘வர்தா’ புயலையும் கண்டு நடுங்கியவர்கள் நாங்கள். எனவே மெழுகுவர்த்தி வாங்கினோம். அரிசியும் பருப்பும் பால் மாவும் சேர்த்தோம். மாடித் தொட்டிகளை நிரப்பினோம். மணிக்கொரு முறை புயல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் செய்தி மாறியது. எங்களுக்குத் தெரிந்த வீடொன்றில், பள்ளியில் படிக்கும் சிறுவன் கைப்பேசியோடு உள்ளே ஓடிவந்தான். “நன்னி, நமக்கு இல்லையாம்! தெற்கே நாகப்பட்டினம் பக்கம் திரும்பிவிட்டதாம்!” என்று கூவினான். வீட்டிலிருந்தோர் அனைவரும் ‘அல்ஹம்து லில்லாஹ்’ என்றனர். முத்துப்பேட்டையில் பிறந்து, மகனோடு வாழ இங்கே வந்துவிட்ட அந்த மூதாட்டி மட்டும் வாய் திறக்கவில்லை. சற்று நேரம் கழித்து, “அங்கே இருக்கிறவங்க யாரு தம்பி?” என்று கேட்டார். சிறுவனுக்கு விடை சொல்லத் தெரியவில்லை. பெரியவர்களுக்கும் தெரியவில்லை.

நவம்பர் 16 ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே ‘கஜா’ கரை கடந்தது. காவிரிப் படுகையில் இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. நட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்த பின்னரே காய்க்கத் தொடங்கும் மரம் தென்னை. அதை நம்பிப் பெண்ணுக்குத் திருமணம் பேசியவர்களும், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியவர்களும் ஒரே இரவில் வெறுங்கையராயினர். அந்த மூதாட்டியின் கேள்விக்குரிய விடை அன்று காலையில் வந்து சேர்ந்தது.

அக்கேள்வி எழுந்த நாள் முதல் ஓர் ஐயம் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆபத்து நம்மை விட்டு விலக வேண்டும் என்று விரும்புவது மனித இயல்பு. ஆனால் நம்மை விட்டு விலகும் ஆபத்து மற்றொருவரின் கூரையை நோக்கிச் செல்கிறது என்று தெரிந்த பின்னரும் அதே மகிழ்ச்சியோடு இருப்பது அறமாகுமா?

நம் முன்னோருக்கு இந்தச் சோதனை இத்தனை கூர்மையாக வந்ததில்லை. அவர்களுக்குப் புயல் வருவது தெரியாது. வந்த பின்னரே தெரியும். சுழன்று வீசும் இக்காற்றுக்கு ஆங்கிலத்தில் ‘சைக்ளோன்’ என்ற பெயரை 1848 ஆம் ஆண்டு சூட்டியவர், கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பார். 1864 ஆம் ஆண்டு அந்நகரையே ஒரு பெரும்புயல் சூறையாடியது. அதன் பிறகே துறைமுகங்களுக்கு எச்சரிக்கை தரும் ஏற்பாடுகள் தொடங்கின. 1875 ஆம் ஆண்டு இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. அதற்குப் பின்னும் நெடுங்காலம் வரை, கடலில் செல்லும் கப்பல்கள் கண்டு சொன்னதே செய்தி. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டே அறிவிப்பு. 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை நோக்கிச் சென்ற பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. அந்த ரயிலில் ஏறியவர்கள் தாம் எதை நோக்கிப் போகிறோம் என்பதை அறிந்திருக்கவில்லை.

இன்றோ நிலைமை வேறு. செயற்கைக்கோள் வானத்திலிருந்து பார்க்கிறது; ராடார் கரையிலிருந்து பார்க்கிறது. புயலுக்குப் பெயர் சூட்டப்படுகிறது, பாதை வரையப்படுகிறது. எந்த மாவட்டத்துக்கு எந்த நாளில் அது வரும் என்பது சில நாட்களுக்கு முன்பே நம் உள்ளங்கையில் தெரிகிறது. அறியாதவனிடம் கேட்கப்படாத கேள்வி அறிந்தவனிடம் கேட்கப்படும் அல்லவா?

ஆனால் அந்த வரைபடத்தை நாம் எப்படிப் பார்க்கிறோம்? வானிலையாளர் வரையும் பாதை தொடக்கத்தில் குறுகியும் போகப் போக அகன்றும் இருக்கும். நாட்கள் செல்லச் செல்லக் கணிப்பில் பிழை கூடும் என்பதையே அந்த அகலம் காட்டுகிறது. புயலின் மையம் அதற்குள் எங்கே வேண்டுமானாலும் செல்லக்கூடும். மழையோ அதற்கு வெளியேயும் கொட்டக்கூடும். நாம் அதில் நம் ஊரை மட்டும் தேடுகிறோம். கோடு நம் ஊரை விட்டு நகர்ந்தால், ‘புயல் ஏமாற்றிவிட்டது’ என்கிறோம். ‘வானிலைக்காரர்கள் பயமுறுத்திவிட்டார்கள்’ என்று நகைக்கிறோம். புயல் வராமலில்லை. வேறோர் ஊருக்குச் சென்றது. ‘வரவில்லை’ என்ற ஒரு சொல்லால் அந்த ஊரையே நாம் இல்லாததாக்கிவிடுகிறோம்.

2023 டிசம்பரில் வந்த ‘மிக்ஜாம்’ இதற்கு நல்ல பாடம் புகட்டியது. அது சென்னையில் கரை கடக்கவே இல்லை. டிசம்பர் 4 ஆம் நாள் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் கடலிலேயே, கரைக்கு இணையாக மெல்ல நகர்ந்து சென்றது. அப்படி மெல்ல நகர்ந்ததால்தான் சென்னையும் தென்புறத்து ஊர்களும் நீரில் மூழ்கின. விமான நிலையம் மறுநாள் காலை வரை மூடப்பட்டது. பெருங்களத்தூரை அடுத்த நெடுங்குன்றம் சாலையை முதலை ஒன்று இரவில் கடந்து சென்ற படத்தை நாடே பார்த்தது. ஏரிக்கும் தெருவுக்கும் இடையே இருந்த எல்லையை நீர் அழித்துவிட்டது என்பதே அதன் பொருள். டிசம்பர் 5 ஆம் நாள் பிற்பகல், ஆந்திரத்தில் பாபட்லாவுக்கு அருகே புயல் கரை கடந்தது. அறுவடைக்குக் காத்திருந்த நெற்பயிர் அங்கே நீரில் சாய்ந்தது. ‘புயல் கடந்துவிட்டது’ என்று இங்கே பெருமூச்சு விட்ட நம்மில் எத்தனை பேர் பாபட்லா எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தோம்?

மறு ஆண்டு வந்த ‘பெஞ்சல்’ புயலும் முதலில் சென்னையையே அஞ்ச வைத்தது. 2024 நவம்பர் 30 ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே அது கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீடுகளின்மீது விழுந்து, சிறுவர் உட்பட ஏழு பேர் மண்ணில் புதையுண்டு இறந்தனர். நாம் ‘தப்பினோம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், கடற்கரையையே காணாத ஊரில் பாறை உருண்டது.

‘நான் விரும்புவதால் புயல் திசை மாறுகிறதா? பிறகு என் விருப்பத்தில் என்ன குற்றம்?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் விருப்பம் காற்றை அசைக்காது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நம்மை அசைக்கிறது. ‘நமக்கு இல்லை’ என்ற சொல் பிறந்த மறுகணமே நம் கண் வரைபடத்தை விட்டு விலகிவிடுகிறது. குற்றம் ஆறுதல் அடைந்ததில் இல்லை. ஆறுதலோடு கண்ணை மூடிக்கொண்டதில் இருக்கிறது.

‘உலகில் விழும் ஒவ்வொரு கூரைக்கும் நான் அழ முடியுமா?’ என்று மற்றொருவர் கேட்கலாம். முடியாது. மனித நெஞ்சம் அத்தனை பெரிதன்று. அந்த மூதாட்டிக்கு முத்துப்பேட்டை பிறந்த ஊர். அதனால் அவர் நெஞ்சம் துடித்தது. நமக்குப் பாபட்லாவில் யார் இருக்கிறார்கள்? ஆகவே எல்லாருக்காகவும் அழுவது எப்படி என்று கேட்பதைவிட, இத்தகைய வேளையில் எதை வேண்டுவது, எதைச் செய்வது என்று கேட்பதே பொருத்தம்.

இங்கே நாம் அனைவரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் அது பதிவாகியிருக்கிறது. மதீனாவில் பஞ்சம் நிலவிய காலத்தில், வெள்ளிக்கிழமை உரையின் நடுவே ஒருவர் எழுந்து, கால்நடைகள் மடிகின்றன, பிள்ளை குட்டிகள் பசியால் வாடுகின்றனர் என்று முறையிட்டார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையேந்தி மழை வேண்டினார்கள். பெய்யத் தொடங்கிய மழை அடுத்த வெள்ளி வரை நிற்கவில்லை. வீடுகள் இடிகின்றன என்று மீண்டும் முறையீடு எழுந்தது. அப்போது அவர்கள் மழையே வேண்டாம் என்று கேட்கவில்லை. வேறோர் ஊருக்குப் போகட்டும் என்றும் கேட்கவில்லை. மழை நம் மீதன்றி நம்மைச் சுற்றிலும் பெய்யட்டும் என்று வேண்டி, அது போக வேண்டிய இடங்களையும் சொன்னார்கள். குன்றுகள், மேட்டு நிலங்கள், ஓடைப் படுகைகள், மரங்கள் வேர் கொண்டிருக்கும் இடங்கள் ஆகியவையே அவை.

இந்த வேண்டுதலில் அடங்கியிருக்கும் நீதியைக் கவனியுங்கள். ஆபத்தை மற்றொருவர் தலைக்கு மாற்றும் சொல் அதில் இல்லை. எந்த நீர் வீட்டுக்குள் புகுந்தால் அழிவோ, அதே நீர் ஓடைக்குள் சென்றால் வாழ்வு. ஆகவே, நீர் தனக்குரிய இடத்துக்குச் செல்லட்டும் என்பதே அதன் கருத்து என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் அடுத்த கேள்வி நம்மை நோக்கித் திரும்புகிறது. நம் ஊரில் நீருக்கு உரிய இடம் எங்கே இருக்கிறது? தாம்பரம் வட்டாரம் ஒரு காலத்தில் ஏரிகளின் நாடு. பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, இரும்புலியூர் என்று ஊருக்கு ஊர் ஏரி. ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். மிஞ்சியது அடையாற்றில் சேரும். அந்தக் கலங்கலுக்குக் கீழே மனைகள் பிரிக்கப்பட்டன. போக்குக் கால்வாய்கள் தெருக்களாயின. 2015 டிசம்பர் 1 ஆம் நாள் தொடங்கி மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்த நீர் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வீடுகளுக்குள் நுழைந்தது. ஓடைப் படுகையில் மழை பெய்யட்டும் என்று நாம் துஆ கேட்கிறோம். அந்தப் படுகையிலோ நம் சகோதரர் ஒருவர் கடன் வாங்கிக் கட்டிய வீடு நிற்கிறது. திருவண்ணாமலையில் மலைச்சரிவிலும் வீடு இருந்ததை மேலே கண்டோம்.

இந்தச் செய்தியை அரசாங்கத்தின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்க முடியாது. மனையில் மண் கொட்டித் தெருவைவிட மூன்றடி உயர்த்திக் கட்டுகிறோம். அந்த மூன்றடி நீர் எங்கே போகும்? உயர்த்திக் கட்ட வசதியில்லாத அடுத்த வீட்டுக்குத்தான் போகும். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தேங்கிய நீரை மோட்டார் வைத்து இறைத்துத் தெருவில் விடுகிறோம்; அது பள்ளத்தில் இருக்கும் ஓட்டு வீட்டின் வாசற்படியைத் தாண்டுகிறது. புயல் விஷயத்தில் நாம் வாய்விட்டுச் சொல்லாத ‘அங்கே போகட்டும்’ என்ற சொல்லை இங்கே நம் கைகளே சொல்லிவிடுகின்றன. காற்றைத் திருப்பும் ஆற்றல் நமக்கில்லை. தெருவில் ஓடும் நீரைத் திருப்பும் ஆற்றல் இருக்கிறது. நம் அறம் சோதிக்கப்படுவது அங்கேதான்.

அறிவைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். 1970 நவம்பர் 12 ஆம் நாள் இன்றைய வங்காளதேசத்தின் கரையைத் தாக்கிய புயலில் குறைந்தது மூன்று இலட்சம் மக்கள் மாண்டனர். எச்சரிக்கை அறவே இல்லாமலில்லை. அது தீவுகளில் வாழ்ந்த எளிய உழவர்களுக்குப் புரியும் வகையில் போய்ச் சேரவில்லை. அதன் பின் 1972 ஆம் ஆண்டு அங்கே தொண்டர் படை ஒன்று அமைக்கப்பட்டது. ஒலிபெருக்கியும் கொடியும் ஏந்தி, வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டிச் செய்தி சொல்வதே அவர்கள் பணி. ஒடிசாவில் 1999 ஆம் ஆண்டுப் புயல் ஏறத்தாழப் பத்தாயிரம் உயிர்களைக் குடித்தது. 2013 இல் ‘பைலின்’ வந்தபோதோ ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் முன்கூட்டியே அகற்றப்பட்டனர், இறந்தோர் தொகை சில பத்துகளுக்குள் அடங்கிற்று. வரைபடம் தானாக எவரையும் காப்பாற்றுவதில்லை. அதைப் பார்த்தவர் எழுந்து சென்று, பாராதவரின் கதவைத் தட்டும்போதே அது உயிர் காக்கிறது. நம் தெருவிலும் கைப்பேசி இல்லாத முதியவர் இருக்கிறார். தமிழ் படிக்கத் தெரியாத வடநாட்டுக் கட்டடத் தொழிலாளி இருக்கிறார். தனித்து வாழும் விதவைத் தாய் இருக்கிறார். நாம் அறிந்த செய்தி அவர்கள் அறியும்வரை நம்மிடம் இருக்கும் அமானிதமாகும்.

2015 வெள்ளத்தில் சென்னையின் பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் திருமண மண்டபங்களும் கதவு திறந்ததை நாம் மறக்கவில்லை. தண்ணீர் கழுத்தளவு வந்தபோது ‘யார்’ என்று எவரும் கேட்கவில்லை. ஆபத்து நம் மீது வந்தபோது நாம் நல்லவர்களாகத்தான் இருந்தோம். ஆபத்து நம்மை விட்டு விலகிய நாளில் எப்படி இருக்கிறோம் என்பதே என் கவலை.

அடுத்த ஆண்டும் ஐப்பசி, கார்த்திகை வரும். வங்கக் கடலில் மேகம் சுழலும். நாமும் வரைபடத்தின்முன் அமர்வோம். கோடு நம்மை விட்டு விலகினால் இறைவனைப் புகழ்வோம், அதில் தவறில்லை. ஆனால் உடனே எழுந்துவிடாமல், அந்தக் கோடு போய் முடியும் ஊரின் பெயரை ஒரு முறை வாய்விட்டுப் படிப்போம். அருகில் இருக்கும் பிள்ளைகள் அதைக் கேட்கட்டும். “அங்கே இருக்கிறவங்க யாரு?” என்று அவர்களில் ஒருவர் கேட்டால், இம்முறை நமக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.