தாமரை இலை இரும்பு

கார்பன் நானோகுழாய்களைச் செய்கிறவர்கள் 'செய்தோம்' என்று சொல்வதில்லை, 'வளர்த்தோம்' என்கிறார்கள். நெருக்கமாக நின்றால் 'காடு' என்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு குழாய். அதற்கு இந்தப் பேச்சு!

2002-இல் அமெரிக்காவின் ட்ராய் நகரில், ரென்சலேர் தொழில்நுட்பக் கழகத்தில் புலிக்கல் அஜயன், கணபதிராமன் ராமநாத் குழுவினர் வளர்த்த காடு ஒன்று உண்டு. வழவழப்பான சிலிக்கான் தகடு. அதன்மேல் மெல்லிய சிலிக்கா ஏடு. கண்ணாடிப் பூச்சு என்றே வைத்துக்கொள்ளலாம். கோலம்போல ஒரு வடிவம் வகுத்து, வேண்டாத இடங்களில் மட்டும் அந்தப் பூச்சை அரித்தெடுத்துவிட்டார்கள். தகட்டைச் சுமார் 800 டிகிரி உலையில் வைத்து, ஃபெரோசீன் கரைத்த சைலீன் ஆவியை உள்ளே விட்டார்கள். ஃபெரோசீனில் இரும்பு இருக்கிறது. அதுதான் விதை, அந்த இரும்புத் துகளைப் பற்றிக்கொண்டுதான் கார்பன் குழாயாக எழும்பும்.

விதையைப் பார்த்துப் பார்த்துத் தூவவில்லை. ஆவி எங்கும் பரவியது. ஆனால் குழாய்கள் எழும்பியது கண்ணாடிமேல் மட்டும். சிலிக்கான் தெரிந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. வரப்பு கட்டியதுபோல எல்லை.

கல்லில் விழுந்த விதை, நல்ல நிலத்தில் விழுந்த விதை என்ற பழைய கதை எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. பொருந்தவில்லை. இங்கே சிலிக்கான் விதையைத் தள்ளவில்லை. அந்தச் சூட்டில் இரும்பைத் தனக்குள் இழுத்து, அதோடு சேர்ந்து சிலிசைடு ஆகிவிடுகிறது. பிறகு குழாய் எதைப் பிடித்து எழும்பும்? கண்ணாடியோ அப்படி இழுத்துக்கொள்வதில்லை. தாமரை இலையில் நீர்போல இரும்பு அதன்மேல் பொட்டுப் பொட்டாகத் தனித்து நிற்கிறது.

'தாமரை இலைத் தண்ணீர்' என்று ஒருவரைச் சொன்னால் நம் ஊரில் அது பாதிக் குறை. ஒட்டமாட்டார், உதவமாட்டார் என்று பொருள். இந்தத் தகட்டின் முன் அந்தக் குறையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இன்னொன்று. பூச்சை அரித்த பள்ளத்தின் பக்கச்சுவர் கண்ணாடியாக இருந்தால் குழாய்கள் அதிலிருந்து படுக்கைவாட்டிலும் நீளும். எந்தப் பக்கம் கண்ணாடியோ அதற்கு நேர்குத்தாக.

மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் அடர்த்தியாக ஒரு பாத்தி, நடுவே மொட்டையாக ஒரு கோடு, மறுபடி பாத்தி. அந்த மொட்டைக் கோட்டிலும் இரும்பு விழுந்திருக்கிறது. உள்ளே இருக்கிறது.